களிம்பில் வாழும் எழுத்து

1903-ஆம் ஆண்டு ஃபாரன் ஸெர்ப் என்ற அமெரிக்க நாணயச் சேகரிப்பாளர் ஃபிலடெல்ஃபியா நாணயச்சாலைக்குப் போனார். 1838 முதல் அங்கே பேணப்பட்டுவந்த அரசுத் தொகுப்பைப் பார்க்க வேண்டும் என்று ஆசை. பொதுப் புழக்கத்துக்கு விடாமல், மெருகேற்றிய அச்சில் தனியாக அடித்துவைத்த வெள்ளிக் காசுகள் அதில் இருந்தன. அவற்றை ‘புரூஃப்’ என்பார்கள். கண்ணாடிபோல் முகம் தெரியும். ஸெர்ப் பார்த்தபோது பல காசுகளின்மேல் வெள்ளையாக ஒரு படலம் படிந்திருந்தது. விசாரித்தார். விடுமுறை மாதங்களில் அறை பூட்டியிருந்தபோது, கருத்துக் கிடந்த காசுகளைப் பார்க்கப் பொறுக்காத ஊழியர் ஒருவர் கடையில் மெட்டல் பாலீஷ் வாங்கிவந்து அத்தனையையும் துலக்கியிருக்கிறார். ஸெர்ப் வருத்தப்பட்டதும் காப்பாளர் ஆறுதல் சொன்னாராம்: தான் அங்கே வேலை பார்க்கும் எட்டு ஆண்டுகளில் மூன்று நான்கு தடவை இப்படித் துலக்கியாகிவிட்டது, இது ஒன்றும் புதிதல்ல என்று.

ஸெர்ப் இதை அமெரிக்க நாணயவியல் சங்கத்தின் இதழில் எழுதினார். 1923-ல் அந்தத் தொகுப்பு ஸ்மித்சோனியன் நிறுவனத்துக்குப் போனது. நல்லெண்ணத்தோடு தேய்த்த கோடுகளும் கூடவே போயின.

காசைச் சுத்தம் செய்யலாமா என்று கேட்டால் உலகெங்கும் சேகரிப்பாளர்கள் சொல்லும் முதல் பதில் ‘தொடாதே’ என்பதுதான். ஃபிலடெல்ஃபியா போன்ற கதைகள் அந்தப் பதிலுக்குப் பின்னால் இருக்கின்றன. ஆனால் கரூர் அமராவதி மணலிலோ மதுரைப் பக்கத்து வயலிலோ கிடைத்த ஒரு செப்புக் காசைக் கையில் வைத்துக்கொண்டு அதே பதிலைச் சொல்ல முடியாது. அதைச் சுத்தம் செய்யாதவரை அது காசா, ஆணித்தலையா என்பதே தெரியாது. ஒரே கேள்விக்கு இரண்டு எதிரெதிர்ப் பதில்கள் எப்படிச் சரியாக இருக்க முடியும்? காசின் உண்மையான மேற்பரப்பு எங்கே இருக்கிறது என்று பார்த்தால் விடை கிடைக்கும்.

முதலில் நாணயச்சாலைக் காசு. இரண்டு எஃகு அச்சுகளுக்கு நடுவில் உலோக வில்லை நசுங்கும்போது உலோகம் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நகர்கிறது. அந்த நகர்வு நுண்ணிய வரிகளாகக் காசின் முகத்தில் பதிகிறது. புதுக் காசை விளக்கொளியில் சாய்த்துத் திருப்பினால் ஒளிக்கற்றை ஒன்று அதன்மேல் சுழலுவதுபோல் தெரிவது இந்த வரிகளால்தான். இந்த மினுமினுப்பு வேறு, பாத்திரத்தின் பளபளப்பு வேறு. வரிகளைத் தேய்த்துச் சமமாக்கினால் பளபளப்பு வரலாம், மினுமினுப்பு போய்விடும். போனதை எந்த வித்தையாலும் திரும்பக் கொண்டுவர முடியாது.

வெள்ளி கருப்பதும் பலர் நினைப்பதுபோல் வெளியிலிருந்து வந்து ஒட்டிக்கொண்ட அழுக்கல்ல. காற்றிலுள்ள ஹைட்ரஜன் சல்ஃபைடு வெள்ளியோடு சேர்ந்து வெள்ளி சல்ஃபைடாகிறது. அந்தக் கருமையில் இருப்பது காசின் சொந்த வெள்ளியேதான். படலம் மிக மெல்லியதாக இருக்கும்போது ஒளி அதில் பட்டுப் பிரிந்து மஞ்சள், செந்நீலம், நீலம் என்று நிறம் காட்டும், தடித்தால் கருப்பாகும். தையோயூரியாவும் அமிலமும் கலந்த ‘டிப்’ திரவத்தில் முக்கினால் சில நொடிகளில் காசு வெளுத்துவிடுகிறது. கரைந்துபோனது கருமை மட்டுமல்ல, அந்தக் கருமைக்குள் சிக்கியிருந்த வெள்ளியும்தான். ஒருமுறை முக்கினால் கண்ணுக்குத் தெரியாது. நாலைந்து முறை முக்கிய காசு சுண்ணாம்பு அடித்த சுவர்போல் உயிரற்று வெளுத்து நிற்கும்.

நம் வீடுகளில் ‘டிப்’ கிடையாது; புளி உண்டு. செம்பும் பித்தளையும் துலக்கப் புளியும் சாம்பலும், வெள்ளி விளக்குக்கு விபூதி, மற்றதற்கெல்லாம் பாத்திரம் துலக்கும் பொடி. குத்துவிளக்குக்கு இவை குறையற்ற முறைகள். விளக்கு புழங்கும் பொருள், தேய்ந்தால் தேயட்டும். தாத்தாவின் தகர டப்பாவிலிருந்து கிடைத்த விக்டோரியா ரூபாய்க்கு இதே மரியாதையைச் செய்யும்போதுதான் கெடுகிறது. புளியின் டார்டாரிக் அமிலம் செம்பின் ஆக்சைடைக் கரைத்து, அடியிலிருந்து இளஞ்சிவப்பான வெற்று உலோகத்தை வெளிக்கொண்டுவரும். புழங்கிய செப்புக் காசுக்கு அந்த நிறம் இயல்பே அல்ல. அனுபவமுள்ளவர் கண்ணுக்கு இது நாலடி தூரத்திலேயே தெரியும். 1968-ல் வரத் தொடங்கிய தாமரைப் படம் போட்ட 20 பைசா போன்ற துத்தநாகம் கலந்த காசுகளில் இன்னொரு கூத்து நடக்கும். அமிலம் துத்தநாகத்தை முதலில் கரைக்கும், செம்பு பின்தங்கும், மஞ்சள் காசில் திட்டுத்திட்டாகச் சிவப்பு படரும். நெளிவிளிம்பு வைத்த அலுமினியப் பத்துப் பைசாவைச் சோடா கரைசலில் போட்டால் கதை வேறு. அலுமினியத்தைக் காரமே தின்றுவிடும்.

சமூக ஊடகங்களில் சுற்றும் இன்னொரு முறை, அலுமினியத் தாளும் சமையல் சோடாவும் வெந்நீரும். இது உரசல் இல்லாதது, வேதியியலும் சரியானதே. சல்ஃபைடிலிருந்து கந்தகத்தைப் பிரித்து வெள்ளியை மீட்கிறது. ஆனால் மீண்ட வெள்ளி பழைய இடத்தில் பழைய வரிசையில் போய் உட்காராது, நுண்துளைகளோடு பொருக்காகப் படியும். வெள்ளித் தட்டுக்குப் போதும். காசுக்குப் போதாது.

சந்தை இதையெல்லாம் எப்படிப் பார்க்கிறது? 1949-ல் வில்லியம் ஷெல்டன் அமெரிக்கப் பெரிய சென்ட்டுகளுக்காக 1 முதல் 70 வரை ஓர் அளவுகோலை வகுத்தார். 1986-ல் பி.சி.ஜி.எஸ்., 1987-ல் என்.ஜி.சி. என்ற தரமிடும் நிறுவனங்கள் வந்து அந்த அளவுகோலைத் தொழிலாக்கின. காசைப் பார்த்து, எண் கொடுத்து, பிளாஸ்டிக் பேழையில் அடைத்துத் தருவார்கள். தேய்த்த காசுக்கு எண் கிடைக்காது. ‘விவரம் மட்டும்’ என்று எழுதி, ‘சுத்தம் செய்யப்பட்டது’ என்ற குறிப்போடு அடைத்துவிடுவார்கள். அந்தக் குறிப்பு விலையை வெகுவாக இறக்கும். இந்திய ஏலங்களிலும் இந்தப் பேழைகள் இப்போது சாதாரணம்.

இந்த ஒழுக்கத்தில் ஓட்டை உண்டு. துணியால் தேய்த்தது குற்றம். திரவத்தில் அளவோடு முக்கியது, முகத்தில் தடம் தெரியாவிட்டால், பெரும்பாலும் குற்றமில்லை. இரண்டிலும் உலோகம் போகிறது. பிடிபடாதது மன்னிக்கப்படுகிறது, அவ்வளவே. இன்னொரு பக்கம், வானவில் நிறம் ஏறிய வெள்ளிக் காசுக்குக் கூடுதல் விலை கொடுக்கத் தொடங்கியதும் வேகவைத்த முட்டையின் மஞ்சள்கருவோடு காசை மூடிவைத்து நிறம் ஏற்றுகிறவர்கள் புறப்பட்டார்கள். வெளுக்கவும் மோசடி, கருக்கவும் மோசடி. சேகரிப்பாளர் உலகத்தின் ‘தொடாதே’ என்ற கட்டளையில் அறிவியல் பாதி, வியாபாரம் பாதி என்று கொள்வதே நியாயம்.

அறிவியல் பாதியைக் குறைத்து மதிப்பிடவும் கூடாது. 1911-ல் ஐந்தாம் ஜார்ஜ் உருவத்தோடு வந்த ரூபாயில், அரசர் அணிந்த சங்கிலியில் ஒரு யானை உண்டு. துதிக்கை குட்டையாக அமைந்ததால் அது பன்றிபோல் தெரிகிறது என்று எதிர்ப்பு கிளம்பியது. காசு நிறுத்தப்பட்டு, அடித்ததில் பெரும்பகுதி உருக்கப்பட்டது. அடுத்த ஆண்டுக் காசில் யானை திருத்தமாக வந்தது. சில மில்லிமீட்டர் அளவுள்ள அந்த விலங்கின் துதிக்கையும் காலும்தான் ‘பன்றி ரூபாய்’க்குக் கதையும் விலையும் தருகின்றன. பல் துலக்கும் பிரஷ்ஷும் பொடியும் முதலில் தின்பது இப்படிப்பட்ட மேடான நுணுக்கங்களைத்தான்.

இனி மண்ணிலிருந்து வந்த காசு.

1980-களின் நடுப்பகுதிவரை சங்ககாலத் தமிழ் மன்னர்கள் சொந்தமாகக் காசு வெளியிட்டார்களா என்பதிலேயே ஆய்வாளர்கள் பலருக்கு ஐயம் இருந்தது. அந்த ஐயத்தைப் பெருமளவு போக்கியவர் தினமலர் ஆசிரியராக இருந்த இரா. கிருஷ்ணமூர்த்தி. சதுர வடிவச் செப்புக் காசு ஒன்றில், குதிரை உருவத்துக்கு மேலே தமிழ்-பிராமியில் ‘பெருவழுதி’ என்று பொறித்திருப்பதை அவர் படித்துக் காட்டினார். மறுபுறம் பாண்டியரின் மீனைக் கோட்டுருவமாகக் காட்டும் சின்னம். பிறகு கரூர்ப் பகுதியிலிருந்து ‘மாக்கோதை’, ‘குட்டுவன் கோதை’, ‘கொல்லிப்புறை’ என்று சேரர் பெயர்கள் வெளிவந்தன. மாக்கோதை வெள்ளிக் காசில் உரோமப் பேரரசர் காசுகளை நினைவூட்டும் தலையுருவம்கூட இருக்கிறது. 1997-ல் அவருடைய சங்ககாலக் காசுகள் பற்றிய ஆங்கில நூல் வந்தபோது அது தனித் துறையாகவே ஆகிவிட்டது. இந்தத் துறைக்குப் பழைய உலோக வியாபாரிகளும் காயலான் கடைகளும் ஆற்று மணலைச் சலித்துப் பிழைப்பவர்களும் செய்த பங்கு பெரியது. இந்தக் காசுகள் அருங்காட்சியக அகழாய்வுகளிலிருந்து மட்டும் வரவில்லை. சேகரிப்பாளர் கைகளிலிருந்தும் வந்தன.

இப்படிப்பட்ட காசு மண்ணிலிருந்து வெளிவரும் கோலத்தைப் பார்த்தவர்கள் ‘தொடாதே’ என்று சொல்லமாட்டார்கள். பச்சையும் பழுப்புமாக ஒரு கட்டி. எழுத்து வேண்டுமானால் மேல்பொருக்கு போயாக வேண்டும். எவ்வளவு போக வேண்டும் என்பதில்தான் எல்லாமே அடங்கியிருக்கிறது.

செம்பில் களிம்பு உயிரைப் பற்றிய ஆணவ மலம் போன்றது, செம்பு தோன்றியபோதே உடன்தோன்றியது என்பது சைவ சித்தாந்த உவமை. நாணயவியலுக்கு வரும்போது அந்த உவமையைக் கொஞ்சம் தலைகீழாகப் பிடிக்க வேண்டியிருக்கிறது. மண்ணுக்குள் போன செப்புக் காசின் மேற்பரப்பு மெல்ல மெல்லக் குப்ரைட் என்ற செந்நிறச் செம்பு ஆக்சைடாக மாறுகிறது. அதற்கு வெளியே மாலகைட் என்ற பச்சைக் கார்பனேட், மண், மணல் எல்லாம் சேர்ந்து பொருக்குக் கட்டுகிறது. மாற்றம் நிதானமாக நடந்திருந்தால், அச்சு பதிந்த அன்றைய முகம் அப்படியே ஆக்சைடு அடுக்குக்குள் வரம்பு பிசகாமல் நிற்கும். உள்ளே மிஞ்சிய உலோகமோ அரித்துக் குழிவிழுந்து உருவமற்றுக் கிடக்கும். அதாவது 2,000 ஆண்டுப் பழைய காசில் ‘பெருவழுதி’ என்ற எழுத்து பல சமயம் செம்பில் இருப்பதில்லை, களிம்பில் இருக்கிறது. வெளிப் பொருக்கை எடுத்துவிட்டு ஆக்சைடு அடுக்கில் நிறுத்திக்கொண்டால் எழுத்து தெரியும். ஆசைப்பட்டு ‘சுத்தமான செம்பு’ வரும்வரை போனால் எழுத்து சாக்கடையில் போகும்.

இந்தப் பாடத்தை அருங்காட்சியகங்களும் சுலபமாகக் கற்றுக்கொள்ளவில்லை. 1888-ல் பெர்லின் அரசு அருங்காட்சியகங்களில் ஃபிரீட்ரிஷ் ராத்கன் உலகின் முதல் அருங்காட்சியக வேதியியல் ஆய்வகங்களில் ஒன்றை நடத்தத் தொடங்கினார். பழம்பொருளைக் காரக் கரைசலில் வைத்து மின்சாரம் பாய்ச்சிக் களிம்பை நீக்கும் முறை அங்கிருந்து பரவியது. சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் 1930-ல் வேதியியல் ஆய்வகம் தொடங்கியதே செப்புத் திருமேனிகளைத் தின்றுகொண்டிருந்த அரிப்பை நிறுத்தத்தான். அதன் முதல் வேதியியலாளர் எஸ். பரமசிவன் மின்பகுப்பு முறையைக் கையாண்டார். தஞ்சைப் பெரிய கோயிலின் சோழர் ஓவியங்களின் நுட்பத்தை ஆராய்ந்தவரும் அவரே. உள்ளே கனமான உலோகம் மிஞ்சியிருக்கும் சிலைக்கு அந்த முறை அன்று உயிர்காத்தது. ஒன்றிரண்டு மில்லிமீட்டர் கனமுள்ள காசுக்கு அதே மின்சாரம் பாய்ச்சும்போது, முகத்தைத் தாங்கிய அடுக்கே உரிந்துவிடும். உலகெங்கும் பழைய தொகுப்புகளில் சொரசொரப்பாக, குழிகுழியாக, செந்நிறத்தில் கிடக்கும் செப்புக் காசுகளில் பல இப்படிப் ‘பிழைக்க வைக்கப்பட்டவை’. இன்றும் பேட்டரி சார்ஜரும் உப்பும் வைத்துக்கொண்டு வீட்டுக் கூடத்தில் இதைச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். ஒரு காசுக்கு ஐந்து நிமிடம் போதும் என்று பெருமையும் பேசுகிறார்கள்.

காப்பாளர்கள் இன்று விரும்புவது மெதுவான வழி: இரட்டைக் கண் நுண்ணோக்கியின் கீழே, சிறு கத்தியாலோ மூங்கில் குச்சியாலோ முள்ளாலோ பொருக்கைத் துகள் துகளாகப் பெயர்ப்பது. மண்ணைவிடக் கடினமாகவும் ஆக்சைடைவிட மென்மையாகவும் உள்ள கருவியாக இருந்தால் கை தவறினாலும் சேதம் குறைவு. ஒரு காசுக்கு மணிக்கணக்கில் ஆகும். ஆலிவ் எண்ணெயில் மாதக்கணக்கில் ஊறவைப்பதும் ‘மென்மையான’ வழி என்று பெயர் வாங்கியிருக்கிறது. எண்ணெயிலும் கொழுப்பமிலங்கள் உண்டு, அவையும் களிம்பைக் கரைக்கின்றன. மெதுவாகக் கரைக்கின்றன என்பதால் நிறுத்த அவகாசம் கிடைக்கிறது, அவ்வளவுதான்.

களிம்பை அப்படியே விட்டுவிடக் கூடாது என்று கறாராகச் சொல்ல வேண்டிய இடமும் ஒன்று உண்டு. காசின்மேல் வெளிர்பச்சையில் மாவுபோல் புள்ளிகள் தோன்றி, துடைத்தால் உதிர்ந்து, சில நாளில் மீண்டும் பூத்தால் அது வெண்கல நோய். உப்பின் குளோரைடு செம்போடு சேர்ந்து உள்ளே ஒளிந்திருக்கிறது. ஈரமும் ஆக்சிஜனும் கிடைத்ததும் அது பச்சைத் தூளாக மாறி அமிலத்தைக் கக்குகிறது. அந்த அமிலம் புதுச் செம்பைத் தாக்கி மறுபடி குளோரைடை உண்டாக்குகிறது. வட்டம் முடிவதே இல்லை; காசு முடிந்துவிடும். காற்றின் ஈரப்பதம் 40 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் நோய் உறங்கும். சென்னை, தூத்துக்குடி, யாழ்ப்பாணம் போன்ற கடலோர ஊர்களில் காற்று அவ்வளவு வறண்டிருப்பது அபூர்வம். யாழ்ப்பாண அரசர்களின் ‘சேது’ என்று தமிழில் பொறித்த செப்புக் காசுகளோ, பாண்டி நாட்டுக் கடற்கரைக் காசுகளோ வைத்திருப்பவர்கள் சிலிக்கா ஜெல் பொட்டலத்தைக் கூடவே வைத்துக் காலாகாலத்தில் மாற்றுவது எந்தப் பாலீஷையும்விடப் பயனுள்ளது. சிகிச்சைக்கு வழிகள் இருக்கின்றன. சோடியம் செஸ்குவிகார்பனேட் கரைசலில் வாரக்கணக்கில் ஊறவைத்துக் குளோரைடை வெளியேற்றலாம். 1967-ல் பிரிங்க் மாட்சன் பரிந்துரைத்த பென்சோட்ரையசோல், செம்பின்மேல் படலம் கட்டிக் காக்கும். ஆனால் அது உடலுக்குத் தீங்கான பொருள். கையுறையும் காற்றோட்டமும் இல்லாத சமையலறையில் செய்யும் வேலையல்ல. எழுத்துள்ள அரிய காசில் வெளிர்பச்சை பூத்தால் அருங்காட்சியக வேதியியலாளரைத் தேடிப் போவதே சரி.

அழுக்கும் ஆவணம் என்பதற்கு இங்கிலாந்திலும் ஜெர்ஸித் தீவிலும் நடந்தவை நல்ல சான்று. 2010-ல் சாமர்செட்டின் ஃப்ரோம் அருகே ஒரு பானை நிறைய உரோமக் காசுகள் கண்டறியப்பட்டன, மொத்தம் 52,503. கண்டவர் தோண்டுவதை நிறுத்திவிட்டுத் தொல்லியலாளர்களை அழைத்தார். அவர்கள் பானைக்குள் அடுக்கடுக்காக எடுத்ததால், காலத்தால் பிந்திய, கராசியஸ் என்ற ஆட்சியாளரின் காசுகளில் பெரும்பாலானவை பானையின் கீழ்ப்பாதியில் இருந்தது தெரியவந்தது. அப்படியானால் பல ஆண்டுகளாகச் சேமித்துப் போட்டுவந்த பானை அல்ல. ஒரே சமயத்தில் கொட்டிப் புதைத்ததாக இருக்கலாம். எல்லாவற்றையும் அள்ளித் தொட்டியில் போட்டுக் கழுவியிருந்தால் இந்தக் கேள்விகூட எழுந்திருக்காது. 2012-ல் ஜெர்ஸியில் கிடைத்த ஏறத்தாழ 70,000 கெல்டிக் காசுகள் செம்புக் களிம்பால் ஒட்டி ஒரே பாறையாக இருந்தன. ஒவ்வொரு காசும் இருந்த இடத்தை லேசர் கருவியால் பதிந்துகொண்டே பிரித்தெடுக்க ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் ஆயின. இடையிடையே தங்கக் கழுத்தணிகளும் கரிமப் பொருள்களின் எச்சங்களும் வெளிப்பட்டன. காசு முடிந்துவைத்த துணி மக்கிப்போன பிறகும் அதன் நெசவு களிம்பில் பதிந்து நிற்பதுண்டு. அதைப் ‘பொருக்கு’ என்று சுரண்டிவிட்டால் முடிச்சும் போயிற்று, முடிந்தவரைப் பற்றிய தடயமும் போயிற்று.

தங்கம் கருக்காது, களிம்பும் பிடிக்காது. அதனால் தங்கக் காசைத் துலக்கினால் தவறில்லை என்று தோன்றும். 1898-ல் புதுக்கோட்டை சமஸ்தானத்தில் கிடைத்த புதையலில் 501 உரோமத் தங்கக் காசுகள் இருந்தன. அவற்றில் மிகப் பெரும்பாலானவற்றில் பேரரசரின் தலைக்குக் குறுக்கே உளியால் வெட்டியிருக்கிறார்கள். புழக்கத்திலிருந்து நீக்க வெட்டினார்களா, சோதிக்க வெட்டினார்களா, அந்நிய அரசன் முகத்தைச் சிதைக்க வெட்டினார்களா என்று இன்றும் விவாதம் நடக்கிறது. வெட்டின் விளிம்பு கூர்மையாக நிற்கிறதா, பிறகு கைமாறித் தேய்ந்திருக்கிறதா என்பது இந்த விவாதத்தில் ஒரு சான்று. யாராவது ஒரு தட்டாரிடம் மெருகுக்குக் கொடுத்திருந்தால் அந்தச் சான்று பத்தே நிமிடத்தில் அழிந்திருக்கும்.

உரோமரின் 3, 4-ஆம் நூற்றாண்டுக் காசுகள் பலவற்றில் ஆபத்து இன்னும் நுண்ணியது. செம்பே அதிகமுள்ள உலோகத்தின்மேல் மைக்ரான் கணக்கில் வெள்ளிப் பூச்சு இருக்கும். பச்சையைக் கரைக்கும் அமிலம் அதையும் பெயர்த்துவிடும். வெள்ளிக் காசாகப் புழங்கியது, கழுவி முடித்த பிறகு செப்புக் காசாக அட்டவணையில் ஏறும்.

தமிழ்நாட்டுக்கு வர வேண்டியிருந்து வராமல் போன காசுகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. கிழக்கிந்தியக் கம்பெனி சென்னை மாகாணத்துக்காகப் பர்மிங்ஹாமில் மேத்யூ போல்ட்டனின் சோஹோ ஆலையில் 1808 என்ற ஆண்டு போட்டு 10 காசு, 20 காசு நாணயங்களை அடித்தது. அவற்றை ஏற்றிக்கொண்டு கிளம்பிய ‘அட்மிரல் கார்ட்னர்’ கப்பல் 1809 ஜனவரியில் இங்கிலாந்தின் குட்வின் மணல்திட்டில் மோதி மூழ்கியது. 1980-களில் அந்தச் சரக்கு வெளியே வந்தது. பீப்பாய்களின் நடுவில் இருந்த காசுகள் அச்சிலிருந்து வந்த நாள்போலவே இருந்தன. ஓரத்தில் இருந்தவற்றைக் கடல் தின்றிருந்தது. இரண்டும் இன்று எளிதாக விலைக்குக் கிடைக்கின்றன. உப்பு நீக்காத கார்ட்னர் காசை வாங்கி அப்படியே பெட்டியில் வைப்பது அறிவீனம். அதேபோல், பாலீஷ் போட்டுத் தங்கம்போல் மின்னவைத்துப் பதக்கமாகக் கோத்துவிட்டால், 1808-ல் உலகின் மிகச் சிறந்த நீராவி அச்சுகளில் ஒன்று பதித்த நேர்த்தி பார்க்கக் கிடைக்காது.

கடலிலிருந்து வரும் காசுகள்தான் சேகரிப்பாளர் உலகத்தின் சொல்லாட்சியையும் மாற்றின. 1857-ல் கலிஃபோர்னியத் தங்கத்தோடு மூழ்கிய ‘சென்ட்ரல் அமெரிக்கா’ கப்பலின் சரக்கை 1988-ல் கண்டெடுத்தார்கள். 20 டாலர் தங்கக் காசுகள்மேல் கப்பலின் இரும்பிலிருந்து வந்த துருவும் கனிமப் படிவமும் பாறையாகப் படிந்திருந்தன. தங்கத்தைத் தொடாத வேதிப்பொருள்களால் அவற்றைக் கரைத்தார்கள். அதன் பிறகு அந்தக் காசுகளுக்கு முழுத் தரமும் பெரும் விலையும் கிடைத்தன. இதற்குச் ‘சுத்தம் செய்தல்’ என்று பெயர் இல்லை, ‘பாதுகாப்பு’ என்று பெயர். வியாபாரத் தந்திரம் என்று ஒதுக்கிவிட முடியாது. காசைச் சேராத பொருளை மட்டும் எடுப்பது என்ற வரையறை அதில் தெளிவாக இருக்கிறது. வெள்ளியை ‘டிப்’பில் முக்குவது அந்த வரையறைக்குள் அடங்காது. அதையும் அதே பெயரில் விற்பவர்களிடம்தான் எச்சரிக்கை வேண்டும்.

சாதாரணச் சேகரிப்பாளர் இந்த வரையறையைக் கையில் எடுத்துக்கொண்டால் செய்யக்கூடியவை குறைவு, ஆனால் போதுமானவை. மண்ணும் எண்ணெய்ப் பிசுக்கும் ஒட்டிய காசை டிஸ்டில்டு வாட்டரில் ஊறவைக்கலாம்; கார் பேட்டரிக்கு ஊற்ற விற்பதே போதும். ஆழ்துளைக் கிணற்று நீர் வேண்டாம், அதன் உப்பு செம்புக்கு எதிரி. ஊறிய பிறகு துணியால் தேய்க்காமல் ஒற்றி எடுத்து முழுக்க உலரவிட வேண்டும். பசை, மெழுகு, பிளாஸ்டிக் பிசுக்குக்குத் தூய அசிட்டோன். அது உலோகத்தைத் தொடாது. நகப்பூச்சு நீக்கியில் வாசனையும் எண்ணெயும் கலந்திருப்பதால் அது இதற்கு ஆகாது. தீயிலிருந்து தள்ளி, சன்னல் திறந்துவைத்துச் செய்ய வேண்டும்.

பிளாஸ்டிக் பிசுக்கைத் தனியாகச் சொல்லக் காரணம் உண்டு. மலிவான ஆல்பங்களின் வளைந்துகொடுக்கும் உறைகள் பி.வி.சி.யால் ஆனவை. சில ஆண்டுகளில் அவற்றை மென்மையாக்கச் சேர்த்த பொருள் கசிந்து, குளோரின் சேர்மங்களும் வெளிவந்து, காசின்மேல் பச்சை நிறத்தில் பிசுபிசுவென்று படியும். நம் வீட்டு வெயிலில் இது இன்னும் விரைவு. புளிக்கும் பொடிக்கும் தப்பித்த காசுகள், பாதுகாப்புக்கென்று வாங்கிய ஆல்பத்திலேயே கெட்டுப்போவது சேகரிப்பாளர் வட்டாரத்தில் சகஜம். விறைப்பான பாலியெஸ்டர் உறைகள் கொஞ்சம் விலை கூடுதல். அவற்றால் இந்தத் தொல்லை இல்லை.

களிம்பு போலியைக் காட்டிக்கொடுக்கவும் உதவுகிறது. இயற்கையாகப் படிந்த களிம்பு காசின் உலோகத்தோடு ஒன்றியிருக்கும். வண்ணம் பூசி அமிலத்தில் காட்டியது அசிட்டோனிலோ கூர்முனையிலோ பெயர்ந்துவிடும். இராமர் பட்டாபிஷேகமும் அனுமனும் பொறித்து ‘கிழக்கிந்தியக் கம்பெனி 1818’ என்று எழுதிய செப்பு வில்லைகள் தமிழ்நாட்டில் இன்றும் பெரும் தொகைக்குப் பேரம் பேசப்படுகின்றன. அரிசியை இழுக்கும் சக்தி இருப்பதாகக் கதையும் உண்டு. கம்பெனி அப்படிக் காசு எதையும் வெளியிட்டதில்லை. அவற்றின் ‘பழமை’ முழுக்கச் செயற்கைக் கருமைதான். உண்மையான காசிலிருந்து களிம்பைச் சுத்தமாக அகற்றிவிட்டால், அதன் பழமைக்கு இருந்த சான்றும் போய், இந்த வில்லைகளோடு சேர்த்துச் சந்தேகிக்கப்படும் நிலைக்கு அதுவும் வந்துவிடுகிறது.

கடைசியாக எடை. சங்ககாலக் காசுகள் எந்த எடைத் தரத்தில் அடிக்கப்பட்டன, அவை பக்கத்து நாட்டுக் காசுகளோடு எப்படி ஒப்பிடத்தக்கவை என்ற ஆய்வு, கிராமின் பத்தில் ஒரு பங்கு, நூறில் ஒரு பங்கு வித்தியாசங்களை நம்பி நடக்கிறது. பொருக்கோடு நிறுத்த காசும், அமிலத்தில் பாதி கரைந்த காசும், முள்ளால் பக்குவமாக எடுத்த காசும் ஒரே பட்டியலில் ஒரே வகை எண்ணாகவே ஏறுகின்றன. அருங்காட்சியகங்களில் சிகிச்சைக் குறிப்பேடு எழுதுவது தொழில் மரபு. தனியார் தொகுப்புகளில் அந்தப் பழக்கம் மிக அரிது. தமிழ்நாட்டின் முக்கியமான காசுகளில் பல தனியார் கைகளில் இருப்பதால் இந்தக் குறை சிறியதல்ல. காசைத் தண்ணீரில் போடும் முன்பே இரண்டு பக்கமும் படம் எடுத்து, தராசில் நிறுத்து, கிடைத்த இடத்தோடு சேர்த்து எழுதிவைக்கலாம். வேலை முடிந்த பிறகு அதே தராசில் மறுபடி நிறுத்து, எதைக்கொண்டு எவ்வளவு எடுத்தோம் என்று பக்கத்திலேயே குறிக்கலாம். கைப்பேசியும் நகைக்கடைத் தராசு போன்ற ஒரு சிறு மின்தராசும் இருந்தால் இதற்குக் காசுக்கு ஐந்து நிமிடம்தான் ஆகும்.